சுவரோடு முடுக்கிய பெட்டி

மகள் வாசலில் நின்று விசில் ஊதினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓட்டப்பந்தயத்துக்கு விரட்டுகிற அதே விசில். அவள் விளையாட்டு டீச்சர். கழுத்தில் கிடக்கும் விசிலைக் குளிக்கும்போதாவது கழற்றுவாளோ என்னவோ, யார் கண்டது.

பூட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை. முன்னறை ஜன்னலோரத்தில் அவருடைய வேலை மேசை. ஒரு பழைய பூட்டின் வயிற்றைப் பிளந்து போட்டுவிட்டு, அதற்கு ஒரு சாவியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளம் வந்திருச்சு!" என்று வாசலிலிருந்து கத்தினாள் மகள்.

"வரட்டும். செருப்பக் கழட்டிட்டு வரச் சொல்லு."

"அப்பா, நான் சும்மா சொல்லல. நிஜமா வந்திருந்தா இந்நேரம் என்ன செஞ்சிருப்பீங்க?"

"உன் விசிலப் பிடுங்கி ஆத்துல போட்டிருப்பேன்."

மகள் உள்ளே வந்தாள். தோளில் கிடந்த சிவப்பு முதுகுப்பையைக் கழற்றி மேசைமேல், பிளந்து கிடந்த பூட்டின் மேலேயே, தொப்பென்று வைத்தாள். ஒரு சின்ன சுருள்கம்பி துள்ளி எங்கேயோ போய் விழுந்தது. பூட்டுக்காரர் அவளை ஒரு முறை முறைத்தார். அவளும் பதிலுக்கு முறைத்தாள். முறைப்பதில் அப்பனுக்குத் தப்பாத மகள்.

அவள் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. போன மழைக்கு ஆறு பொங்கித் தெருவுக்குள் வந்துவிட்டது. அறிவிப்பு வண்டி முந்தின நாளே வந்து எச்சரித்துவிட்டுத்தான் போனது. மைக் வைத்துச் சொல்லும் எதையும் பூட்டுக்காரர் நம்புகிறவர் இல்லை. உண்மையைச் சொல்கிறவன் எதற்கு அவ்வளவு சத்தமாகச் சொல்லவேண்டும் என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். விடிந்து பார்த்தால் கட்டிலுக்கடியில் செருப்பு மிதக்கிறது. டார்ச்சில் பேட்டரி இல்லை. மனைவியின் ரத்தக்கொதிப்பு மாத்திரை அட்டையோடு மிதந்து போய்விட்டது. வீட்டுப் பத்திரத்தைப் பிறகு துணி மாதிரி கொடியில் காயப்போட வேண்டியதாயிற்று. மகள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து பார்த்தபோது அப்பாவும் அம்மாவும் நனைந்த கோழிகள் மாதிரி கட்டில்மேல் குந்தியிருந்தார்கள்.

அங்கிருந்து மகள் வீட்டுக்குப் போனார்கள். நாலாவது மாடி. அந்த நாட்களைப் பூட்டுக்காரர் இன்றைக்கும் மறக்கவில்லை. அந்தக் கதவுக்குச் சாவியே கிடையாது. ஒரு அட்டையைக் காட்டினால் திறக்கும். யார் காட்டினாலும் திறக்குமாம், இவர் காட்டினால் மட்டும் திறக்காது. ஒருநாள் வெளியே நின்று, அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டி, கடைசியில் முகத்தையே காட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் வந்துதான் கதவைத் திறந்துவிட்டார். அந்த அவமானம் ஒரு பக்கம். அங்கே மேசை கிடையாது, அரம் கிடையாது, தேய்க்க ஒரு சாவி கிடையாது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை இல்லாத கை அவருக்கு வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது.

மகள் இப்போது அந்தப் பயத்தைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வருவேன். வாசல்ல நின்னு விசில் ஊதுவேன். அம்மா ஒரு டம்ளர் டீய மேசைல ஊத்தி வைக்கணும். அது ஆறுறதுக்குள்ள ரெண்டு பேரும் சாமானோட வாசலுக்கு வந்து நிக்கணும். வந்துட்டா இங்கயே இருங்க, நான் வாயத் திறக்கல. வரலைன்னா..."

"வரலைன்னா?"

"வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் என்கூட. மழை நாள்ல மட்டும் இல்ல, எப்பவும்."

பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். மகள் வெறும் வாய்ப்பேச்சுப் பேசுகிறவள் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"என்னென்ன சாமான்?" என்று கேட்டார், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

மகள் விரல் மடக்கிச் சொன்னாள். குடிக்கத் தண்ணீர், கெட்டுப்போகாத தீனி, டார்ச், பேட்டரி, சின்ன ரேடியோ, அம்மாவின் மாத்திரை, காயத்துக்கு மருந்து, கட்டுத்துணி, ஆளுக்கு ஒரு போர்வை, பிளாஸ்டிக் உறையில் பத்திரங்கள், அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடி. கடைசியாகத் தன்னிடமிருந்த இன்னொரு விசிலையும் எடுத்துப் பையில் போட்டாள்.

"விசில் எதுக்கு?"

"எங்க மாட்டிக்கிட்டீங்கன்னு ஊதித் தெரிவிக்க."

"எனக்கு வாய் இருக்கு."

"அது தெருவுக்கே தெரியும்ப்பா," என்று சொல்லிவிட்டு மகள் டீயைக் குடித்துவிட்டுப் போனாள்.

அன்றைக்குச் சாயந்திரமே புருஷனும் பெண்டாட்டியும் சாமான்களைச் சேர்த்துப் பையில் வைத்துவிட்டார்கள். அத்தோடு விட்டிருந்தால் கதையே இல்லை. பூட்டுக்காரர் பையின் ஜிப்பை இழுத்தார், மூடினார், மறுபடி இழுத்தார்.

"இது ஒரு காவலா? கைக்குழந்தை திறக்கும்."

"அவசரத்துக்குத் திறக்கத்தானேங்க அது?" என்றாள் மனைவி.

"நமக்கு அவசரம்னா அடுத்தவனுக்கும் அவசரம்தான்."

மறுநாள் மனைவியின் காதுத் தோடு ஒன்று கட்டிலடியில் உருண்டு போய்விட்டது. பையிலிருந்த டார்ச்சை எடுத்து அமுக்கினாள். எரியவில்லை. உள்ளே பேட்டரியே இல்லை. பூட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. பையைக் கவிழ்த்துப் பார்த்தார். பிஸ்கட் பொட்டலத்திலும் ஒன்று குறைந்தது.

"சொன்னேனா இல்லையா? கை வச்சுட்டாங்க."

"யாருங்க?"

அவர் தாடையால் சுவரைக் காட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மாவின் வீடு.

நடந்தது இதுதான். பேட்டரியை எடுத்தவர் அவரேதான். ராத்திரி செய்தி கேட்க ரேடியோவுக்குப் போட்டார். காலையில் அது சுத்தமாக மறந்துவிட்டது. பிஸ்கட்டைச் சாவி வாங்க வந்தவருக்கு டீயோடு வைத்தவள் அவர் மனைவி. ரேடியோ மேசைமேல் பாடிக்கொண்டிருந்தது. மனைவி ரேடியோவையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள். பிஸ்கட் விஷயம் தன் பக்கம் இருந்ததால் அடுப்படிக்கு நழுவிவிட்டாள்.

தையல்காரம்மா மேல் அவருக்கு ஏன் அவ்வளவு சந்தேகம் என்று சொல்லவேண்டும். இரண்டும் ஒட்டுவீடுகள், நடுவில் ஒரே சுவர். பின்பக்கத்து மாடிப்படியும் மொட்டை மாடியும் இரண்டு வீட்டுக்கும் பொது. மாடியில் தையல்காரம்மாவின் சின்ன தையல் அறை. சில வருஷங்களுக்கு முன்னால் அவள் இவரிடம் ஒரு மர ஏணியை இரவல் வாங்கினாள். நல்ல மனசோடு அதைத் தேய்த்து, நீல பெயிண்ட் அடித்து, புதிசு மாதிரி கொண்டுவந்து நிறுத்தினாள். பூட்டுக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது என் ஏணி இல்ல," என்றார்.

"உங்க ஏணிதான் அண்ணே. பெயிண்ட்தான் புதுசு."

"என் ஏணிக்கு நிறமே கிடையாது. நல்ல ஏணிய வித்துட்டு எவனோ தூக்கிப் போட்டதுக்குப் பெயிண்ட் அடிச்சுக் கொண்டுவந்திருக்க."

அவள் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. பூட்டுக்காரர் தன் வீட்டிலிருந்து மாடிப்படிக்குப் போகும் வழியில் ஒரு இரும்புக் கம்பிக்கதவு வைத்து, கையாலேயே செய்த பூட்டைத் தொங்கவிட்டார். போன வெள்ளத்தில் மேலே ஏறித் தப்பிக்கலாம் என்று அந்தப் பூட்டைத் திறக்கப் பார்த்தார். துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. தொங்கித் திருகியும் சாவி அசையவில்லை. கட்டிலுக்குத் திரும்பி வந்து, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்: "பூட்டுன்னா அது பூட்டு. போட்ட எனக்கே திறக்கல பாத்தியா?"

இப்படிப்பட்ட மனிதர் ஜிப்பை நம்புவாரா? பரண்மேல் கிடந்த இரும்புப் பெட்டியை இறக்கினார். சாமான்களையெல்லாம் அதற்குள் மாற்றினார். புது பேட்டரி, புது பிஸ்கட். முதலில் ஒரு பூட்டு. ஒரு பூட்டை உடைக்கிறவன் இருப்பான் என்று இரண்டாவது. இரண்டாவதோடு விட்டால் இருக்கிற இரண்டும் ஒரே மாதிரி என்று திருடனுக்குத் தெரிந்துபோகும் என்று வேறு மாதிரி மூன்றாவது. சாவிகளைத் தன் இடுப்பு வளையத்தில் கோத்துக்கொண்டார். மாற்றுச் சாவிகளை அடுப்படியில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தார். அங்கே யாரும் தேட மாட்டார்களாம். அந்த டப்பாவைத் தினம் நாலு தடவை எடுக்கிறவள் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்பது அவர் கணக்கில் வரவில்லை.

சாப்பிட உட்கார்ந்தவருக்குப் பாதியில் புரையேறியது.

"பெட்டியையே தூக்கிட்டுப் போயிட்டா?"

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். சுவரில் துளை போட்டார். பெட்டியின் முதுகுத் தகட்டிலும் துளை போட்டார். நாலு மூலைக்கும் நாலு போல்ட். முடுக்கி முடித்து, போல்ட்டின் தலைகளை அரத்தால் மழுமழுவென்று உருட்டித் தேய்த்தார். இனி எந்த ஸ்பேனரும் அதைப் பிடிக்காது. அவருடைய ஸ்பேனரும்தான்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் பெட்டியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"எப்படி?"

"நல்லா இருக்குங்க. புயலே வந்தாலும் இந்தப் பெட்டி இந்த இடத்த விட்டு அசையாது."

"அப்படிச் சொல்லு!" என்று பூட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"அந்தச் சிவப்புப் பை எங்க?" என்று பிறகு ஒருநாள் கேட்டார்.

"துவைக்கப் போட்டிருக்கேன்."

புதுப் பையை யாராவது துவைப்பார்களா என்று அவர் கேட்கவில்லை. ஊரிலுள்ளவர்களையெல்லாம் சந்தேகப்படுகிறவர், சொந்தப் பெண்டாட்டியை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அது அவருடைய ஒரே பலவீனம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு முன்பே மழை வந்துவிட்டது. இரண்டு நாளாகக் கொட்டித் தீர்த்தது. அன்று காலையில் சற்று வெறித்திருந்தது. மகள் புறப்பட்டுவிட்டதாக போன் பண்ணியிருந்தாள். பூட்டுக்காரர் முகச்சவரம் செய்துகொண்டு, பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மனைவி டம்ளரில் சுடச்சுட டீயை ஊற்றி மேசையில் தயாராக வைத்தாள்.

விசிலுக்குப் பதிலாக மைக் சத்தம்தான் வந்தது. அணையைத் திறந்துவிட்டார்கள், ஆற்றங்கரைத் தெருக்களில் இருப்பவர்கள் உடனே மேடான இடத்துக்கோ மாடிக்கோ போய்விடுங்கள் என்று வண்டி சொல்லிக்கொண்டே போனது. இந்தத் தடவை பூட்டுக்காரர் வேறு வழியில்லாமல் பாதி நம்பினார். மீதிப் பாதி, வாசற்படியைத் தாண்டி வந்த தண்ணீரைப் பார்த்ததும் வந்துவிட்டது.

அவர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? முன்கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, உள்பக்கமாக இரண்டு பூட்டுகளைப் பூட்டினார். வெள்ளம் என்றால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே! இரண்டாவது காரியம், பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து, "தூக்கு!" என்றார்.

மனைவி அசையவில்லை.

"என்ன நிக்கிற? அந்தப் பக்கம் பிடி!"

"எதங்க தூக்கறது?"

பூட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒருநாள் பூராவும் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து, அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய பெட்டியைச் சுவரோடு சேர்த்து முடுக்கி வைத்திருக்கிறார். ஓடுவதென்றால் வீட்டைத்தான் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்.

மேசையில் டீ ஆவி பறந்துகொண்டிருந்தது.

"ஸ்பேனர எடு!" என்று கத்தினார். எடுத்தாள். வழுக்கியது. "குறடு!" அதுவும் வழுக்கியது. அவ்வளவு சுத்தமான வேலை. தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. சரி, பூட்டையாவது திறப்போம் என்று இடுப்பு வளையத்தைக் கழற்றினார். ஈரக் கையில் சாவி ஒன்றோடொன்று மாறியது. முதல் பூட்டு திறந்தது. இரண்டாவது திறந்தது. மூன்றாவதைத் திறக்கும்போது மகள் இப்போது வந்துவிட்டால் என்ற நினைப்பு வந்தது. அவள் வீட்டு அட்டைக் கதவு கண்ணுக்குள் வந்து நின்றது. பூட்டு திறந்துகொண்டது, சாவி வளையம் நழுவி, சேற்றுத் தண்ணீருக்குள் 'களுக்' என்று போனது. குனிந்து துழாவினார், அகப்படவில்லை; முன்கதவுச் சாவிகளும் அதிலேதான்.

பெட்டிக்குள் கையை விட்டு, பத்திர உறையை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். மற்றதை எதில் அள்ளுவது? திரும்பிப் பார்த்தால் மனைவியைக் காணோம்.

"எங்கடி போன?"

"இங்கதான் இருக்கேன்," என்று பின்பக்கமிருந்து குரல் வந்தது. "பெட்டிய விட்டுட்டு வாங்க. மாடிக்குப் போயிடலாம்."

கம்பிக்கதவுக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்தக் கதவின் மாற்றுச் சாவி.

"அது திறக்காது. போன வருஷமே திறக்கலையே. சுத்தியல எடுத்துட்டு வா, உடைச்சிடலாம்."

"ஒரு தடவ திருப்பித்தான் பாருங்களேன்."

சாவியை வாங்கி நுழைத்தார். பலம் கொடுத்துத் திருகத் தயாராகப் பல்லைக் கடித்தார். சாவி வெண்ணெயில் கத்தி போனதுபோலத் திரும்பியது. 'டக்'. பூட்டு வாயைத் திறந்துகொண்டு கையில் தொங்கியது.

பூட்டுக்காரர் நின்றுவிட்டார். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பூட்டை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார். தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய் வாசம். துளையில் விரலை வைத்துத் தடவினார். துரு ஒரு பொட்டுக்கூட இல்லை. சாவித் துளையின் ஓரம் பளபளவென்று தேய்ந்திருந்தது. மூடியே கிடக்கும் பூட்டு அப்படித் தேயாது. தினம் திறக்கிற பூட்டுதான் அப்படித் தேயும். இதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளா?"

"மழை மறுபடி வரும்போல இருக்குங்க."

"எத்தன நாளான்னு கேட்டேன்."

"போன வெள்ளத்துக்கு அப்புறம்தான். ரெண்டு பேருமாச் சேர்ந்து எண்ணெய் விட்டு விட்டு, ஒரு வாரத்துல இளக்கிட்டோம். ஏங்க, ஒரு வருஷமா வாசல்ல கொடியே இல்ல. உங்க சட்டையெல்லாம் எங்க காயுதுன்னு ஒருநாளாவது யோசிச்சீங்களா?"

அவர் யோசிக்கவில்லைதான். சட்டை காய்ந்து வந்தது, போட்டுக்கொண்டார்.

"இத அப்புறம் பேசிக்கலாம்," என்றார் உறுமலாக.

"தண்ணி வடிஞ்சப்புறம் பேசிக்கலாம். ஏறுங்க முதல்ல."

மாடியில் தையல் அறை திறந்திருந்தது. தையல்காரம்மா ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டுக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்தாள். சில வருஷங்களாக இவர் முகத்துக்கு நேரே பார்க்காத முகம். தலை கொஞ்சம் நரைத்திருந்தது.

"வாங்க அண்ணே. அண்ணி, துண்டு அங்க இருக்கு."

ஆணியில் சிவப்புப் பை தொங்கியது. பூட்டுக்காரர் கேட்காமலே மனைவி ஜிப்பை இழுத்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தாள். டார்ச் எரிந்தது. மாத்திரை இருந்தது. தண்ணீர், பிஸ்கட், போர்வை, மருந்து, கட்டுத்துணி. அவருடைய பழைய மூக்குக்கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டியும் விட்டாள்.

"பத்திரம் மட்டும் எங்கிட்ட," என்று சட்டைக்குள்ளிருந்து உறையை எடுத்தார் பூட்டுக்காரர். அதிலாவது ஜெயிக்கவேண்டும் என்று இருந்தது அவருக்கு.

"அது நகல்ங்க. அசல் இந்தப் பைலதான் இருக்கு. நீங்க பெட்டிய செவுத்தோட முடுக்குன அன்னிக்கே மாத்திட்டேன். மத்த சாமானையும்தான், ரேடியோவும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் மட்டும் அங்க விட்டேன்."

"மூணு பூட்டு இருந்துச்சே!"

"சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால மூணு சாவியும் இருந்துச்சே."

தையல்காரம்மா சிரிப்பை அடக்க டீயை ஊதினாள். டீ சிந்தியது. பூட்டுக்காரர் இரண்டு பெண்களையும் மாறிமாறிப் பார்த்தார். திட்ட வாயைத் திறந்தார். கொடுத்த டீயை வாங்கிக் குடித்தார். நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லவில்லை.

அப்போதுதான் கீழே விசில் கேட்டது.

எட்டிப் பார்த்தார்கள். மகள் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்று முன்கதவை இடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா! அம்மா!" குரல் உடைந்திருந்தது. விளையாட்டு டீச்சரின் குரல் இல்லை அது. பதில் வராததால் பயந்துபோயிருந்தாள். பூட்டுக்காரர் கத்தினார். அவர் குரல் தெருவுக்கே தெரிந்ததுதான், ஆனால் ஓடுகிற தண்ணீரின் இரைச்சலில் அவருடைய மனைவிக்கே கேட்கவில்லை. பைக்குள் கையை விட்டு விசிலை எடுத்து, கன்னம் உப்ப ஊதினார். மகள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் சேறு. முறைக்க அவளுக்கு மறந்துபோய்விட்டது.

"கதவத் திறங்கப்பா!"

"சாவி தண்ணிக்குள்ள போயிருச்சு!"

"எந்தத் தண்ணிக்குள்ள?"

"வீட்டுத் தண்ணிக்குள்ளதான்!"

"அண்ணே, ஏணி இருக்கு," என்றாள் தையல்காரம்மா, மெதுவாக. எங்கே இவர் மறுபடி ஆரம்பித்துவிடுவாரோ என்ற பயம்.

மாடிச்சுவரோரம் அந்த நீல ஏணி சாய்ந்து கிடந்தது. வெயிலிலும் மழையிலும் கிடந்து பெயிண்ட் செதில்செதிலாக உரிந்திருந்தது. பூட்டுக்காரர் அதன் கால் பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். பெருவிரல் எதிலோ போய் உட்கார்ந்தது. குனிந்து பார்த்தார். பெயிண்ட் உரிந்த இடத்தில், மரத்தில், பக்கத்தில் பக்கத்தில் மூன்று வெட்டுகள். அவருடைய அரத்தின் வெட்டு. அவர் வீட்டுச் சாமான் எல்லாவற்றிலும் அந்த அடையாளம் இருக்கும், சுத்தியல், குறடு, ஸ்பேனர், எல்லாவற்றிலும். யாரும் மாற்றிவிடக்கூடாது என்று அவரே போடுகிறது.

மூன்று பேரும் சேர்ந்து ஏணியை இறக்கினார்கள். அது சரியாகச் சுவருக்குப் பொருந்தி நின்றது. மகள் ஏறி வந்தாள். கடைசிப் படியில் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார் பூட்டுக்காரர்.

"ஏணி பரவால்ல," என்றார், யாரையும் பார்க்காமல். "பெயிண்ட்தான் சரியில்ல. வடியட்டும், நான் வேற அடிச்சுத் தர்றேன்."

தையல்காரம்மா அவரைப் பார்த்தாள். ஏணியின் காலைப் பார்த்தாள். "என்ன நிறம் அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"நீலமே இருக்கட்டும்."

மகள் துண்டைப் போர்த்திக்கொண்டு டீயைக் குடித்தாள். பையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகக் கேட்டாள், அம்மா ஒவ்வொன்றாகக் காட்டினாள். சுவரில் முடுக்கின பெட்டி விஷயம் வெளியே வந்தபோது மகள் குடித்த டீ மூக்கில் ஏறிவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பூட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து கையிலிருந்த பழைய பூட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

"சரி, முடிவச் சொல்லு," என்றார் கடைசியில். "எப்பப் புறப்படணும்?"

"எங்க?"

"உன் வீட்டுக்கு. பெட்டியோட வாசலுக்கு வரல. டீ கீழ ஆறிப்போச்சு."

மகள் டம்ளரைக் கீழே வைத்தாள். அப்பா தோற்றதை அவர் வாயாலேயே சொல்லி அவள் இதுவரை கேட்டதில்லை.

"அம்மா பாஸ், அத்தையும் பாஸ்," என்றாள். "நீங்க பெயிலுப்பா. மார்க்கே கிடையாது. ஆனா ஆளு பத்திரமா மேல இருக்கீங்க, மாத்திரை மேல இருக்கு. எனக்கு அது போதும். இங்கயே இருங்க. ஒண்ணே ஒண்ணு, அந்தக் கம்பிக்கதவுல இனி பூட்டு இருக்கக்கூடாது."

பூட்டுக்காரர் கையிலிருந்த பூட்டைப் பார்த்தார். நல்ல பூட்டு. தன் கையாலேயே செய்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கதவயே கழட்டிடறேன்," என்றார். "பாதி வேலை எனக்குப் பிடிக்காது."

தண்ணீர் வடிந்தது. வீட்டுக்குள் போய்ப் பார்த்தபோது பெட்டிக்குள் பிஸ்கட் கூழாகக் கிடந்தது, ரேடியோ செத்துக் கிடந்தது. நாலு போல்ட் மட்டும் சேதாரமில்லாமல் கம்பீரமாக இருந்தன. அவரே ரம்பத்தை வைத்து அறுத்தும் அவை வருவதாக இல்லை. கடைசியில் மனைவி அந்தப் பெட்டியைச் செருப்பு வைக்க எடுத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் மறுபடி வந்தாள். சொல்லாமல் வந்து வாசலில் நின்று விசில் ஊதினாள். இந்தத் தடவை மாடிக்குப் போகவேண்டும் என்று ஏற்பாடு. பூட்டுக்காரர் அரத்தைப் போட்டுவிட்டு எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. மேசையில் டீ ஆவி பறந்துகொண்டிருக்க, மகள் பின்பக்கமாக ஏறி வந்து பார்த்தபோது மூன்று பேரும் தையல் அறையில் நின்றார்கள். அப்பாதான் முதலில் வந்தாராம். அம்மா சொன்னாள், தையல்காரம்மா தலையாட்டினாள்.

மகள் பையைப் பார்த்தாள். அதன் ஜிப்பில் ஒரு சின்னஞ்சிறு பூட்டு தொங்கியது.

"அப்பா!"

"என்ன அப்பா? பூட்டல. கிட்ட வந்து பாரு."

கிட்டே போய்ப் பார்த்தாள். பூட்டு திறந்திருந்தது. அதன் சாவியை ஒரு நீலத் தையல் நூலில் கட்டி, பூட்டிலேயே தொங்கவிட்டிருந்தார்.

"இது எதுக்கு அப்போ?"

"சும்மா இருக்கட்டும்னுதான்," என்றார் பூட்டுக்காரர். "ஜிப்பு தனியா இருந்தா எனக்குத் தூக்கம் வரல."